கறுப்பு வேட்டி காய்ந்த கதை

ஒரு கார்த்திகை மாதம் முழுக்க நான் என் அப்பாவை ‘அப்பா’ என்று கூப்பிடவில்லை. ‘சாமி’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். ஐயப்பனுக்கு மாலை போட்டுவிட்டால் அவர் அப்பா இல்லையாம், சாமியாம். “சாமி, பென்சில் சீவித் தாங்க சாமி” என்று நான் போய் நிற்பேன். அவரும் என் பேரைச் சொல்லமாட்டார். மாலை போட்டவர்கள் சிறு பெண்பிள்ளைகளைக் கூப்பிடும் வழக்கப்படி, “குடு மாளிகைப்புறம்” என்று வாங்கிச் சீவித் தருவார். எனக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டு பேருமே வேறு யாரோ மாதிரி இருந்தது.

பினாங்கில் டத்தோ கிராமாட் பக்கம் ஓர் அடுக்குமாடியில் நான்காவது மாடியில் எங்கள் வீடு. ஒரு கூடம், இரண்டு அறை, துணி காயப்போட ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு மூங்கில் கழி. அப்பா லோரி ஓட்டினார். அவர் மாலை போட்டது அதுதான் முதல் முறை. முதல் முறை போடுகிறவரைக் கன்னிசாமி என்பார்கள். கன்னிசாமி கறுப்புதான் உடுத்த வேண்டும். காலையிலும் சாயங்காலமும் தலைக்குப் பச்சைத் தண்ணீர். பாயில் படுக்கை. செருப்பு கிடையாது. வீட்டில் நாற்பத்தொரு நாளும் மீன் இல்லை, முட்டை இல்லை, கோழி இல்லை.

கடைசியாகச் சொன்னதில்தான் எனக்கு வருத்தம். எங்கள் பிளாட்டுக்குக் கீழே, முனையில், பாய் மாமாவின் நாசி கண்டார் கடை, சோறும் கறிக் குழம்பும் விற்கும் கடை, இருந்தது. அவர் பொரிக்கும் கோழியின் வாசம் படியேறி நான்காவது மாடிவரை வரும். மற்ற மாதங்களில் வாரம் ஒரு தடவையாவது ஒரு துண்டு வாங்கிக் கொடுப்பார்கள். இந்த மாதம் வாசம் மட்டும்தான். பாவம் என்று தெரிந்தும், ராத்திரி படுக்குமுன் சாமி படத்துக்கு முன்னால் நின்று, “ஐயப்பா, இந்த விரதத்த சீக்கிரம் முடிச்சு வச்சிடு” என்று வேண்டிக்கொண்டேன். அவர் என்ன நினைத்தாரோ.

அம்மாவுக்கு என் வருத்தம் எதுவும் இல்லை. அவர் அந்த மாதம் நன்றாக இருந்தார். அதை நான் அப்போதே கவனித்தேன். விடியுமுன் எழுந்து குளிர்ந்த தண்ணீரில் குளித்து, சாமிக்குத் தனியாகச் சமைத்து, என்னையும் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்பி, இத்தனை வேலைக்கும் நடுவில் தனக்குள் ஏதோ பாட்டு முனகிக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா வீட்டில் இருப்பார். அதற்கு முன்னால் அப்பாவை நான் ஆறு மணிக்குப் பார்த்த ஞாபகம் குறைவு. வேலை முடிந்து கூட்டாளிகளோடு பேசிவிட்டு, புதினா மிட்டாய் மென்றுகொண்டு அவர் வரும்போது, அம்மா என்னைப் படுக்க வைத்திருப்பார்.

சமையலறைச் சுவரில், மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று தொங்கியது. சாயங்காலப் பூசை முடிந்ததும் அம்மா குங்குமக் கிண்ணத்தில் விரல் தொட்டு, அன்றைய கட்டத்தில் ஒரு பொட்டு வைப்பார். சாமி மலைக்குப் போக இன்னும் எத்தனை நாள் என்று கணக்குப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு இருந்த ஒரே சங்கடம் மழை. பினாங்கில் அந்த மாதங்களில் மழைக்கு நேரம் காலம் கிடையாது. காலையில் தூறும், மத்தியானம் சிரிக்கும், மூன்று மணிக்குக் கொட்டும். அப்பாவுக்குக் கறுப்பு வேட்டி இரண்டே இரண்டு, காலைப் பூசைக்கு ஒன்று, சாயங்காலப் பூசைக்கு ஒன்று. துவைத்தது காய்வதற்குள் அடுத்தது ஈரமாகிவிடும். அம்மா அதைக் காற்றாடிக்கு அடியில் விரிப்பார், நாற்காலி முதுகில் போடுவார், ஆவி பறக்க இஸ்திரி போடுவார். அப்படியும் இடுப்பில் கட்டும்போது அப்பா, “சில்லுன்னு இருக்குது லா” என்று நெளிவார். இப்போது போல காசு போட்டால் துணியைக் காயவைத்துத் தரும் டோபிக் கடை அப்போது எங்கள் பக்கம் கிடையாது.

இருபத்தாறாவது நாள், சனிக்கிழமை, எங்கள் வீட்டில் கன்னி பூசை. கன்னிசாமி தன் வீட்டுக்குக் குருசாமியையும் மற்ற சாமிகளையும் அழைத்துப் பூசை வைத்துச் சாப்பாடு போட வேண்டும். அது சரியாக நடந்தால்தான் மலைக்குப் போகலாம் என்று அம்மா என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். காலைப் பூசை வேட்டி வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. சாயங்கால வேட்டியை, மத்தியானம் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்ததும், அம்மா கழியில் மாட்டி வெளியே நீட்டினார்.

“நான் வடைக்கு அரைக்கிறேன். மழை வர்ற மாதிரி இருந்தா கழிய உள்ள இழுத்துரு. கேக்குதா?”

“கேக்குதும்மா.”

கேட்டது உண்மை. ஆனால் டிவியில் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே இருட்டியதையும் பார்த்தேன். இதோ இந்தக் கட்டம் முடியட்டும் என்று இருந்தேன். அதற்குள் மழை கொட்டியது. நான் ஓடிப்போய்க் கழியை இழுத்தபோது வேட்டி தண்ணீரில் முக்கியெடுத்தது மாதிரி சொட்டியது. அந்த நேரம் பார்த்து ‘டப்’பென்று கரெண்டும் போனது. டிவி போச்சு, காற்றாடி போச்சு, இஸ்திரிப் பெட்டியும் போச்சு. சாமி என்னைப் பார்த்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

சமையலறையிலிருந்து அம்மா குரல் வந்தது. “வேட்டி காஞ்சிருச்சா?”

“காஞ்சுக்கிட்டு இருக்கும்மா.”

இதற்குமேல் நான் செய்ததை என் பிள்ளைகளுக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை. வேட்டியைப் பிழிந்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, படியிறங்கி, பாய் மாமாவின் கடைக்குப் பின்பக்கம் போனேன். அங்கே சமையல் கட்டில் நான்கு பெரிய அடுப்பு. அடுப்புகளுக்கு மேலே ஒரு கம்பி. கைத்துணியெல்லாம் அந்தக் கம்பியில் அப்பளம் மாதிரி விறைத்துத் தொங்குவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கரெண்ட் போனால் என்ன, அடுப்புக்கு எதற்குக் கரெண்ட்?

பாய் மாமா கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். “என்னா பாப்பா, மழையில?”

“வேட்டி காயணும் மாமா.”

பையைப் பிரித்ததும் அவர் ஓரடி பின்னால் போனார். “இது சாமி வேட்டியாச்சே! இங்க ஆட்டுக்கறி வேவுது, பாரு. ஆகாது பாப்பா. அம்மாகிட்ட கொண்டு போ.”

“அம்மாதான் மாமா குடுத்துவிட்டாங்க.”

“அம்மாவா?”

“ஆமா.”

அவர் நம்பவில்லை. ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவித் துடைத்தார். கறிச்சட்டிக்கு எட்டக் கடைசியில், சோற்றுப் பானைக்கு மேலே, கம்பியில் வேட்டியை விரித்துப் போட்டார். “அல்லாதான் காப்பாத்தணும் என்னை” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். நான் ஓர் ஓரமாக முக்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு நேராகப் பொரித்த கோழி அடுக்கிய தட்டு. இருபத்தாறு நாள்.

“மாமா, கொஞ்சூண்டு தூள் மட்டும் குடுங்க.”

எண்ணெய் வடிகட்டும் கண்கரண்டியில் கோழியிலிருந்து உதிர்ந்து தங்கியிருக்கும் மொறுமொறுப்புத் தூளைத்தான் கேட்டேன். தூள், கோழி இல்லை. என் கணக்கு அது.

“வீட்டுல விரதமில்ல பாப்பா?”

“அது அப்பாவுக்குத்தான் மாமா.”

அவர் தலையில் அடித்துக்கொண்டு ஒரு கரண்டி தூளைக் காகிதத்தில் போட்டுக் கொடுத்தார். அந்த ருசியை நான் இன்றுவரை மறக்கவில்லை. ஐயப்பன் மன்னிக்கட்டும். பிறகு கூரையிலிருந்து ஒழுகிய மழைத்தண்ணீரில் நான்கு தடவை வாய் கொப்பளித்தேன்.

வேட்டி அரைமணி நேரத்தில் காய்ந்தது. சூடாக, மொடமொடவென்று, அந்த மாதம் முழுக்க அது அப்படிக் காய்ந்ததே இல்லை. அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, “பரவாயில்லையே!” என்று என் கன்னத்தைத் தட்டினார். அவர் கையெல்லாம் பெருங்காயம், கூடமெல்லாம் சாம்பிராணி. அவருக்கு வேறெதுவும் தெரியவில்லை.

சாயங்காலம் சாமிகள் வந்தார்கள். பதினைந்து பேர் இருக்கும். செருப்பில்லாத கால்களோடு மழையில் வந்து, வாசலில் கால் துடைத்து, கறுப்புக் கறுப்பாகக் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். குருசாமி பஸ் ஓட்டுகிறவர். அவர் குரலே ஹாரன் மாதிரி இருக்கும். கரெண்ட் இன்னும் வரவில்லை. குத்துவிளக்கும் மெழுகுவர்த்தியும்தான் வெளிச்சம். சாரல் அடிக்கிறது என்று ஜன்னலையெல்லாம் சாத்தியிருந்தோம். சரணம் சொல்லச் சொல்லப் புழுக்கம் ஏறியது.

புழுக்கம் ஏற ஏற, வாசமும் ஏறியது.

முன்வரிசையில் இருந்த குண்டுச் சாமி ஒருவர் மூக்கை உறிஞ்சினார். பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்னார். சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

“என்னா சாமி, குழம்பு வாசம் வருது?”

“சாம்பாரு சாமி.”

“சாம்பாரு இல்ல லா. நாசி கண்டார் குழம்பு.”

“கீழ கடை இருக்குதுல்ல சாமி.”

“ஜன்னலெல்லாம் சாத்தியிருக்குதே.”

“உங்களுக்குப் பசி சாமி. பசிச்சா எல்லாம் வரும்.”

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாசம் என் வாயிலிருந்துதான் வருகிறது என்று நான் உறுதியாக நம்பினேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு அறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். எல்லாரும் சரணம் சொல்ல, நான் மட்டும் மூக்கால் சொன்னேன்.

அப்பா தீபம் காட்ட எழுந்தார். படத்துக்கு முன்னால் குனிந்தவர் அப்படியே நின்றார். கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். வேட்டி நுனியை எடுத்து மூக்கருகே கொண்டு போனார். பிறகு வெளியே, வீட்டு வாசலை ஒட்டிய மாடி நடைபாதைக்குப் போனார். அம்மா கரண்டியைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினார். அம்மாவுக்குப் பின்னால் நான்.

“இந்த வேட்டி எங்க காஞ்சுச்சு?” என்று அப்பா கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டே சொல்லப் பார்த்தேன், முடியவில்லை. “பாய் மாமா கடையில. அடுப்புக்கு மேல. கழிய இழுக்க மறந்துட்டேன், நனைஞ்சிருச்சு, கரெண்ட் இல்ல…” என்று அழுதேன். வேட்டியைப் பற்றி எல்லாம் சொன்னேன். தூளைப் பற்றிச் சொல்லவில்லை.

அப்பா என்னைத் திட்டவில்லை. நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்தார். “கறி வாசத்தோட சாமிக்கு முன்னால நின்னுட்டேன்” என்றார். “போச்சு. அவ்வளவுதான். எனக்கெல்லாம் அவன் குடுத்து வைக்கல. கழட்டிடறேன்.”

கை மாலைக்குப் போனது.

அவர் குரலில் வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வருத்தத்துக்கு அடியில், வெகுதூரம் மூட்டை சுமந்தவனுக்கு இறக்கி வைக்க ஒரு சாக்குக் கிடைத்த மாதிரி இன்னொன்றும் இருந்தது. இது எனக்குத் தோன்றியது எத்தனையோ வருஷம் கழித்துத்தான்.

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விரதம் தொடங்கிய நாளிலிருந்து அவர் அப்பாவின் விரலைக்கூடத் தொட்டதில்லை. மாலையையும் கையையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தார்.

“இதக் கழட்டினா நேரா எங்க போவீங்கன்னு எனக்குத் தெரியும்.”

அப்பா கையை உருவப் பார்த்தார்.

“இருபத்தாறு நாளு” என்றார் அம்மா. “இருபத்தாறு நாளும் இந்தப் பிள்ளை முழிச்சிருக்கிற நேரத்துல வீட்டுக்கு வந்திருக்கீங்க. வேட்டியிலதானே வாசம்? மாலையில இல்லையே. மழை இந்தக் கொட்டு கொட்டுது. கீழ போய் நில்லுங்க. எல்லாம் போயிடும். போங்க சாமி.”

மாலையைக் கழற்றினால் அப்பா எங்கே போய்விடுவார் என்று எனக்குப் புரியவில்லை. பாசார் சந்தைக்குக் கோழி வாங்கத்தான் போவார் என்று நினைத்தேன். அதற்குப் போய் அம்மா ஏன் இப்படி இறுக்கிப் பிடிக்கிறார் என்று இருந்தது. அதைவிட ஒரு பெரிய பயமும் பிடித்துக்கொண்டது. விரதம் சீக்கிரம் முடியட்டும் என்று நான் வேண்டியதை ஐயப்பன் நடத்தித் தருகிறாரோ? “வேணாம் சாமி, வேணாம் சாமி” என்று முணுமுணுத்தேன். எந்தச் சாமியிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

வாசலில் குருசாமி வந்து நின்றார். “என்னா சாமி, இங்க தனியா மாநாடு?”

அம்மா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார். குருசாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். வேட்டியை ஒரு பார்வை பார்த்தார். வயிற்றைத் தடவிக்கொண்டார்.

“வீட்டுக்காரம்மா சொல்றதுதான் சரி. சாமி கும்பிட ஈரத்துணிதான் லா உசத்தி. போ சாமி, போய் நல்லா நனைஞ்சிட்டு வா.” பிறகு, “சோப்பு வேணுமா?” என்றார்.

ஈரத்துணிதான் உசத்தியாம். அம்மா ஒரு மாதமாகக் காற்றாடியோடும் இஸ்திரிப் பெட்டியோடும் மல்லுக்கட்டியது, நான் பொய் சொன்னது, பாய் மாமா அல்லாவைக் கூப்பிட்டது எல்லாம் எதற்காக என்று எனக்கு வந்ததே ஆத்திரம்!

அப்பா நான்கு மாடியும் வெறுங்காலோடு இறங்கினார். காடிகள், அதாவது கார்கள், நிறுத்தும் இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. நடுவில் போய்க் கைகூப்பி நின்றார். மேலே நடைபாதைக் கம்பியோரம் பதினைந்து சாமிகளும் வரிசையாக நின்று, “சாமியே!” என்று குருசாமி ஹாரன் அடிக்க, “சரணம் ஐயப்பா!” என்று முழங்கினார்கள். மூன்றாம் மாடிச் சீனத்து அம்மா ஏதோ வெள்ளம் வந்துவிட்டது என்று நினைத்து, தன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிவைக்க ஓடி வந்தார். பாய் மாமா கடையிலிருந்து ஒரு பெரிய குடையை விரித்துக்கொண்டு, “சாமி, நனையாதீங்க சாமி!” என்று அப்பாவிடம் ஓடினார். அப்பா விலகினார். மாமா விடவில்லை. அப்பா இந்தப் பக்கம் போக, குடையும் இந்தப் பக்கம் வந்தது. மேலேயிருந்து குருசாமி, “விடுங்க பாய், அவரு நனையட்டும்!” என்று கத்தினார். மாமாவுக்கு அது கேட்கவில்லை. கடைசியில் அப்பா சிரித்துவிட்டார். இருபத்தாறு நாளில் அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மாவும் சிரித்தார், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சொட்டச் சொட்ட வந்து அப்பா தீபம் காட்டினார். கூடமெல்லாம் ஈரம். வாசம் போய்விட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். குண்டுச் சாமி மட்டும், “இப்ப எனக்கு நிஜமாவே பசிக்குது சாமி” என்றார். சாப்பாடு முடிந்ததும் அம்மா ஒரு தூக்கில் பாயசம் ஊற்றி என்னிடம் கொடுத்து மாமாவுக்கு அனுப்பினார். மாமா வாங்கிக்கொண்டு, “சொன்னேன்ல பாப்பா?” என்றார். தூளைப் பற்றி அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அம்மா காலண்டர் முன்னால் போய் நின்று, அன்றைய கட்டத்தில் பொட்டு வைத்தார். மற்ற நாளைவிடப் பெரிய பொட்டு.

அப்பா மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றினார். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கே, ஒரு பொட்டலம் நிறையப் பொரித்த கோழியோடு வந்தார். “அப்பா!” என்று கூப்பிட்டேன். எவ்வளவு நாளாயிற்று! அம்மா கோழியைத் தொடவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய்க் காலண்டரில் பொட்டு வைத்தார்.

விரதம்தான் முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் பொட்டு என்று கேட்டேன். “சும்மாதான்” என்றார்.

புது வருஷத்துக்குப் புதுக் காலண்டர் வந்தது. அதிலும் பொட்டு. தைப்பூசத்தன்றும் பொட்டு. சிவப்புக் கட்டங்களைப் பார்க்க எனக்கு அழகாக இருந்தது. அம்மா முனகும் பாட்டும் தொடர்ந்தது. மாசி மாதம் ஒரு வாரம், அப்பா வீட்டுக்கு வருமுன் நான் தூங்கிப்போனேன். அந்த வாரத்தில் ஒரு நாள் காலண்டரைப் பார்த்தால், மூன்று கட்டம் வெறுமையாக இருந்தது.

“அம்மா, குங்குமம் தீந்துருச்சா? நான் போய் வாங்கிட்டு வரவா?”

அம்மா அப்பாவின் லோரிச் சட்டைப் பையிலிருந்து புதினா மிட்டாய்க் காகிதங்களை எடுத்துப் போட்டுவிட்டு, சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தார். வெளியே நல்ல வெயில். துணி காயக் கஷ்டமே இல்லாத நாள்.

“கிண்ணம் நெறைய இருக்கும்மா” என்றார், தலை நிமிராமல். “கார்த்திகை வரட்டும்.”

கார்த்திகைக்கு இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறதே, அதுவரை குங்குமம் கெட்டுப்போகாதா என்று கேட்டேன்.